ஜோர்டான் பாலைவனக் கோட்டைகளும் அஸ்ரக் ஈரநிலமும்: ஒரே நாள்ல பாத்துட்டு வர்றது எப்படி

ஜோர்டான் போறவங்க எல்லாரும் பெட்ரா, வாடி ரம், டெட் சீன்னு தெக்க இறங்கிடுறாங்க, கிழக்குப் பக்கம் திரும்பிப் பாக்குற ஆளு ரொம்ப கம்மி. உங்க கைல அம்மான்ல ஒரு நாள் மிச்சம் இருந்தா அந்த நாள கிழக்குக்கு குடுங்க. அம்மான்ல இருந்து அஸ்ரக் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர ட்ரைவ். அந்த ஒரே ரோட்டுல உமையாங்குற ஆரம்பகால இஸ்லாமிய அரச வம்சத்துக் காலத்துல கட்டின, 1300 வருஷம் பழசான ரெண்டு கட்டடம், ரோமர்கள் ஆரம்பிச்சு வச்ச ஒரு கருங்கல் கோட்டை, கடைசில பாலைவனத்துக்கு நடுவுல நாணலும் தண்ணியும் பறவையுமா ஒரு ஈரநிலம், நாலும் வருது.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இது தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா அமைஞ்சிடும். டூர் வண்டிங்க பெரும்பாலும் வழில வர்ற வரிசைலயே நிறுத்தும், முதல்ல கரானா, அப்புறம் அம்ரா (இந்த ரெண்டும்தான் அந்த உமையா கட்டடங்க), அப்புறம் அஸ்ரக் கோட்டை, அதான் அந்தக் கருங்கல் கோட்டை. ஈரநிலத்துக்கு நேரம் இருந்தா ஒரு எட்டு, இல்லன்னா அதுவும் இல்ல. நீங்க அத அப்படியே திருப்பிப் போடுங்க. காலைல எங்கயும் நிக்காம நேரா அஸ்ரக், முதல் வேலையா ஈரநிலம், அப்புறம் கோட்டை, சாப்பாடு, திரும்பி வர்ற வழில அம்ரா, கடைசியா கரானா. பறவைங்க காலைலதான் நல்லா தெரியும்ங்குறது ஒரு காரணம், அம்ராவுல நீங்க இறங்குற நேரத்துக்கு கூட்டம் அம்மான் பக்கம் திரும்பியிருக்கும்ங்குறது இன்னொண்ணு. ஆனா எனக்கு முக்கியமான காரணம் வேற. அந்தப் பாலைவனத்துல மனுசன் எதுக்கு கட்டடம் கட்டினான்ங்குற கேள்விக்கு பதில் தண்ணி. அஸ்ரக் தண்ணிய முதல்ல பாத்துட்டு வந்தா ஒவ்வொரு கட்டடத்துலயும் கிணறு எங்க, தொட்டி எங்கன்னு உங்க கண்ணே தேட ஆரம்பிச்சிடும், பாக்குற விதமே மாறிடும்.

வண்டி விஷயம். சொந்தமா கார் வாடகைக்கு எடுக்குறதுதான் பெஸ்ட், ரோடு நல்ல ரோடு, சாதாரண சின்ன காரே போதும், ஆனா ஜோர்டான்ல வலது பக்கம் ஓட்டணும்ங்குறத மறந்துடாதீங்க. ஓட்ட வராதுன்னா அம்மான்ல ஒரு டாக்ஸிய நாள் முழுக்க பேசி எடுங்க. எந்தெந்த இடம், ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு நேரம் நிக்கணும், வெயிட்டிங்கும் சேத்து மொத்தம் எவ்வளவு, எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க, ஈரநிலத்த தனியா பேர் சொல்லி சேருங்க, ஏன்னா "டெஸர்ட் கேஸில்ஸ்"னு மட்டும் சொன்னா ட்ரைவருக்கு மூணு கோட்டைதான் கணக்கு. பஸ்ஸ நம்பி போகாதீங்க. அஸ்ரக் ஊருக்கு ஸர்க்காங்குற நகரத்துல இருந்து மினி பஸ் உண்டு, ஆனா அம்ரா, கரானா வாசல்ல இறங்கி அடுத்த வண்டி பிடிக்கிறதெல்லாம் அந்த ஹைவேல நடக்குற காரியம் இல்ல. ஆப்ல புக் பண்ற கார் அம்மான் உள்ளதான் உதவும், நடுப் பாலைவனத்துல திரும்பி வர வண்டி கிடைக்காது.

ஜோர்டான் பாஸ் வாங்கியிருந்தா கோட்டைகளுக்கு தனியா டிக்கெட் வேண்டாம், அம்ரா, கரானா, அஸ்ரக் கோட்டை, வேற ரோட்டுல இருக்குற ஹல்லாபாத் மாளிகை எல்லாம் அதுலயே அடக்கம். அந்த பாஸ் 70 தினார்ல இருந்து ஆரம்பிக்குது, நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கி குறைஞ்சது 3 ராத்திரி தங்கினீங்கன்னா விசா ஃபீஸும் கிடையாது. ஆனா ஈரநிலம் பாஸ்ல வராது, அத நடத்துறது ராயல் சொசைட்டி ஃபார் த கன்சர்வேஷன் ஆஃப் நேச்சர்ங்குற அமைப்பு, அங்க தனி டிக்கெட். திறக்குற நேரத்தையும் கட்டணத்தையும் முந்தின நாளே போன் பண்ணியோ ஹோட்டல்ல சொல்லியோ கேட்டு வச்சுக்கோங்க, சீசனுக்கு சீசன் நேரம் மாறும். திறக்குற நேரத்துக்கு நீங்க கேட்டுல இருக்குற மாதிரி கணக்கு போட்டு அம்மான்ல இருந்து கிளம்புங்க.

கிளம்பும்போது பெட்ரோல் நிரப்பிடுங்க. ஊரத் தாண்டி முவக்கர் வரைக்கும் வீடு கடைன்னு ஏதாவது வந்துட்டே இருக்கும், அதுக்கப்புறம் மண்ணும் வானமும் லாரியும்தான். சவூதி பார்டருக்கு போற ரோடு அது, கனரக லாரிங்க வரிசையா ஓடும், ஓவர்டேக் பண்றப்போ நிதானமா பண்ணுங்க. காலைல கிழக்க போறீங்க, சாயங்காலம் மேற்க வர்றீங்க, ரெண்டு தடவையும் சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், அதனால ஓட்டுறவருக்கு கூலிங் கிளாஸ் கட்டாயம். அஸ்ரக் பக்கத்துல விமானப்படைத் தளம் ஒண்ணு இருக்கு, வேலி, கோபுரம், செக்போஸ்ட் எதையும் போட்டோ எடுக்காதீங்க, பாஸ்போர்ட் கைல இருக்கட்டும், யாராவது நிறுத்தினா காட்டிட்டு போய்ட்டே இருக்கலாம். அந்த வட்டாரத்துலயே 2014ல இருந்து சிரியா அகதிகளோட பெரிய முகாமும் இருக்கு. அங்க இருக்குறவங்க வீட்ட விட்டு ஓடி வந்தவங்க, அது வேடிக்கை பாக்குற இடம் இல்ல, வண்டிய நிறுத்தி கேமராவ நீட்டாதீங்க.

அஸ்ரக்ல ரெண்டு ஊர் இருக்குன்னு வச்சுக்கோங்க. தெக்க இருக்குறது 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல காகசஸ் பக்கத்துல இருந்து வந்த செச்சென் மக்கள் குடியேறினது, வடக்க இருக்குறது சிரியாவோட ட்ரூஸ் மலைல இருந்து வந்த, ட்ரூஸ்ங்குற சமயப் பிரிவு மக்களோடது. ஈரநிலம் தெக்கு ஊர ஒட்டி, கோட்டை வடக்கு ஊருல. மேப்ல வெறும் அஸ்ரக்னு போட்டா எங்கயோ கொண்டு போய் விடும், இடத்தோட முழுப் பேர போடுங்க.

ஈரநிலத்துக்கு உள்ள போறதுக்கு முன்னாடி அதோட கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா "இவ்வளவுதானா"ன்னு தோணிடும். ட்ரூஸ் மலைப் பக்கம் பெய்யுற மழை எரிமலைப் பாறைக்கு அடியில ஊறி வந்து அஸ்ரக்ல ஊத்தா மேல வரும். அந்த ஊத்துங்கதான் சுத்தி பாலைவனமா இருந்தும் இங்க பெரிய சதுப்பு நிலத்தையே உண்டாக்கி வச்சிருந்துச்சு. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பா ஆசியாவுக்கும் நடுவுல பறக்குற வலசைப் பறவைங்களுக்கு இதுதான் தங்குமிடம், 1967 பிப்ரவரியில ஒரே நாள் கணக்கெடுப்புல 3 லட்சத்துக்கும் மேல பறவைங்க இருந்துச்சு. 1977ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேத்தாங்க, 1978ல காப்பிடமா அறிவிச்சாங்க. அதே காலத்துல அம்மான் வளர்ந்துச்சு, 1980கள்ல இருந்து அஸ்ரக் நிலத்தடி நீர பைப் போட்டு நகரத்துக்கு இறைச்சாங்க, சுத்தி விவசாயத்துக்கு கிணறு மேல கிணறு தோண்டினாங்க. 1990கள் தொடக்கத்துல ஊத்து மொத்தமா நின்னு போச்சு. எருமைங்க மேஞ்ச இடம் வெடிச்சுப் போன மண்ணாச்சு, சதுப்புக்கு அடியில இருந்த கரி மண்ணு பத்தி எரிஞ்சுச்சு.

இப்ப நீங்க பாக்கப் போறது அதுக்கப்புறம் மீட்டெடுத்த ஒரு துண்டு. பழைய ஈரநிலத்துல பத்துல ஒரு பங்காவது திரும்பக் கொண்டு வரணும்னு இலக்கு வச்சு, இப்பவும் பம்ப் பண்ணித்தான் தண்ணி விட்டுட்டு இருக்காங்க. எனக்கு இத நினைச்சா மனசு கனக்குது, அதே சமயம் இவ்வளவாவது காப்பாத்தினவங்க மேல பெரிய மரியாதையும் வருது. உள்ள சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கு, மரப்பலகை போட்ட பாலம் நாணலுக்கு நடுவுல போகும், மறைஞ்சு நின்னு பறவை பாக்க ஒரு குடில் கட்டியிருக்காங்க. அங்க போய் குறைஞ்சது இருபது நிமிஷம் பேசாம உக்காருங்க. நடந்துட்டே பாத்தா எல்லாம் பறந்துடும், உக்காந்தா ஒவ்வொண்ணா வெளிய வரும். கொக்கு, நாரை, வாத்து வகைங்க, நாணல் மேல தாழப் பறக்குற சேத்துப் பருந்து இதெல்லாம் சீசன்ல நல்லா தெரியும். பைனாகுலர் இருந்தா கொண்டு போங்க. நாணல் மண்டிடாம இருக்க எருமைங்கள திரும்ப விட்டிருக்காங்க, தண்ணில மூழ்கி கிடக்குறதப் பாக்கலாம்.

விசிட்டர் சென்டர்ல அஸ்ரக் கில்லிங்குற மீனப் பத்தி கேளுங்க. சுண்டுவிரல் அளவு கூட இருக்காது, உலகத்துலயே இந்த இடத்துல மட்டும் வாழுற மீன், ஊத்து வத்தினப்போ கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு, மிச்சம் இருந்த சிலத பிடிச்சு வளத்து திரும்ப குளத்துல விட்டிருக்காங்க. நடைபாதை ஓரத்துலயே பழங்காலத்து கருங்கல் சுவர் ஒண்ணும் வரும், உமையா காலத்துல தண்ணிய தேக்கி வைக்க கட்டினதுன்னு சொல்றாங்க. அத நல்லா பாத்து வச்சுக்கோங்க. அடுத்து பாக்கப் போற எல்லாத்துக்கும் அடிப்படை அங்கதான் இருக்கு.

அங்க இருந்து வடக்க சில கிலோமீட்டர்ல அஸ்ரக் கோட்டை. சுத்தி இருக்குற எரிமலைக் கல்லாலயே கட்டினது, அதனால முழுக்க கருப்பு. கிபி 300 வாக்குல ரோமர்கள் இங்க காவல் கோட்டை கட்டினாங்க, ஊத்து யார் கைல இருக்கோ பாலைவனப் பாதையும் அவங்க கைலங்குறதுதான் கணக்கு. இப்ப நிக்கிறது பெரும்பாலும் 1237ல அய்யூபிங்குற அரச வம்சத்தோட ஆளுநர் இஸ்ஸத்தீன் அய்பக் திரும்பக் கட்டினது, வாசல் மேல அரபிக் கல்வெட்டு இருக்கும். 1927 பூகம்பத்துல நிறைய இடிஞ்சிடுச்சு. ரெண்டு விஷயத்த தவற விடாதீங்க. ஒண்ணு கதவு. மரம் கிடைக்காத ஊர்ல கதவையும் கல்லுலயே செஞ்சிருக்காங்க, ஒவ்வொரு பலகையும் டன் கணக்குல, ஆனா எண்ணெய் போட்ட கல் குழியில சுழலுறதால ஒரு ஆளே தள்ளலாம், காவலர் இருந்தா ஆட்டிக் காட்டுவார். இன்னொண்ணு நுழைவாயில் மேல இருக்குற அறை. ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியப்போ 1917-18 குளிர்காலத்துல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ.லாரன்ஸ் தங்கினது அங்கதான். முற்றத்துல ஒரு சின்ன மசூதி, ஒரு மூலைல கிணறு. முக்கால் மணி நேரம் போதும்.

சாப்பாட்ட அஸ்ரக்லயே முடிச்சுக்கோங்க, இனி வழில எதுவும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. லாரிக்காரங்க நிறுத்துற மெயின் ரோட்டு ஓட்டல்ல சுட்ட கோழி, சோறு, ரொட்டி நல்லாவே இருக்கும். சைவம்னா ஹம்மஸ், ஃபலாஃபல், கத்திரிக்காய் முத்தபல், சாலட், ரொட்டின்னு வயிறு நிறைய சாப்பிடலாம். அஸ்ரக் லாட்ஜ்ல முன்கூட்டியே சொல்லி வச்சா செச்சென் வீட்டுச் சமையல் கிடைக்கும், 1940கள்ல பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரியா இருந்த கட்டடம் அது, ஈரநிலத்த நடத்துற அதே அமைப்புதான் இதையும் நடத்துது, நீங்க குடுக்குற காசு அங்கயே சேரும்.

சாப்பிட்டு கிளம்பினா சுமார் 25 கிலோமீட்டர்ல குசைர் அம்ரா. இந்த நாள்ல ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம்னா அது இதுதான். வெளிய இருந்து பாத்தா சின்னதா, மண் கலர்ல, மூணு வளைவுக் கூரையோட, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். உள்ள போனா சுவர், கூரை எல்லாம் ஓவியம். 1985ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. இது கோட்டையே இல்ல, குளியல் மாளிகை. யாரு கட்டினதுன்னு ரொம்ப நாள் விவாதம் ஓடுச்சு, 2012ல சுத்தம் பண்ணும்போது வெளிப்பட்ட கல்வெட்டுல வலீத் இப்னு யஸீத் பேர் கிடைச்சுச்சு. அவர் அப்ப இளவரசர், கலீஃபா ஹிஷாம் உயிரோட இருந்ததால பட்டத்துக்கு காத்திட்டு இருந்தவர். 743ல கலீஃபா ஆனார், அடுத்த வருஷமே கொன்னுட்டாங்க.

உள்ள நுழைஞ்சதும் கண்ணு இருட்டுக்கு பழகுறதுக்கு ரெண்டு நிமிஷம் விடுங்க, அவசரப்பட்டா எதுவும் தெரியாது. அப்புறம் வலது பக்கச் சுவர்ல இருந்து ஆரம்பிங்க. வரிசையா ஆறு அரசர்கள் நிக்கிறாங்க, பாதி அழிஞ்சிருக்கு, ஆனா தலைக்கு மேல கிரேக்கத்துலயும் அரபிலயும் பேர் எழுதி வச்சதால நாலு பேர அடையாளம் கண்டுட்டாங்க, பைசாந்திய சீசர், ஸ்பெயினோட ரோடரிக், பாரசீக குஸ்ரோ, அபிசீனியாவோட (இன்னிக்கு எத்தியோப்பியா) அரசர் நஜாஷி. பக்கத்துலயே குளிக்கிற பெண், உடற்பயிற்சி பண்றவங்க. எதிர்ப்பக்கம் கூரையில கொல்லன், தச்சன், கல் தச்சன் எல்லாம் வேலை செய்யுறத கட்டம் கட்டமா வரைஞ்சிருக்காங்க. எனக்கு அந்தக் கட்டங்கதான் ரொம்பப் பிடிக்கும், அரசரோட மாளிகையில அத கட்டின உழைப்பாளிங்களுக்கும் இடம் குடுத்திருக்காங்க. காட்டுக்கழுதை வேட்டை ஒரு சுவர் முழுக்க ஓடும். அடுத்த சின்ன அறையில தலைய தூக்கிப் பாருங்க, டைமண்ட் வடிவக் கட்டங்களுக்குள்ள கரடி உக்காந்து வீணை மாதிரி வாத்தியம் வாசிக்குது. அதுக்கு நேரம் குடுங்க, குழந்தைங்க கூட வந்தா அவங்கள தேடச் சொல்லுங்க.

கடைசில வெந்நீர் அறை. மேல குவிமாடத்துல ராத்திரி வானம், சப்தரிஷி மண்டலம், ஓரியன், ராசிங்க எல்லாம். குவிமாடத்துல வானத்த வரைஞ்சதுல இன்னிக்கு மிஞ்சியிருக்குறதுலயே இதுதான் பழசு. வெந்நீர்ல கிடந்துட்டு நட்சத்திரம் பாக்கணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. ஆனா அந்த வெந்நீர் எங்க இருந்து வந்துச்சு? வெளிய வந்து கட்டடத்த ஒட்டி இருக்குற கிணத்தப் பாருங்க. ஆழமான கிணறு, பக்கத்துல தொட்டி, தண்ணி இறைக்க மிருகம் செக்கு மாடு மாதிரி சுத்தி வந்த வட்டப்பாதை இப்பவும் தெரியும். காலைல ஈரநிலம் பாத்துட்டு வந்தவங்க இந்தக் கிணத்துகிட்ட ரொம்ப நேரம் நிப்பாங்க. ஓவியத்த தொடாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க. பல நூறு வருஷம் வழிப்போக்கர்கள் உள்ள நெருப்பு மூட்டின புகை, கிறுக்கின பேருங்க, அதுக்கு மேல 1898ல இங்க வந்த செக் நாட்டு ஆய்வாளர் அலோய்ஸ் மூசில் பின்னாடி ஓவியத்துல சில துண்டுகள பேத்து எடுக்க முயற்சி பண்ணப்போ ஆன சேதம், இவ்வளவையும் தாண்டி நிக்கிற சுவர் அது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

அங்க இருந்து ஒரு 15 கிலோமீட்டர் மேற்க கஸ்ர் கரானா. ரோட்டுல இருந்தே தெரியும், பக்கத்துக்கு 35 மீட்டர்னு சதுரமா, ரெண்டு மாடி, மூலைல உருண்டைத் தூண், பாத்தா பக்கா போர்க்கோட்டை. ஆனா உள்ள போய் அந்த அம்பு விடுற ஓட்டைங்கள கவனிங்க, ரொம்ப ஒடுக்கம், தரையில இருந்து ரொம்ப உயரம், நின்னு அம்பு விடவே முடியாது. காத்தும் வெளிச்சமும் வர்றதுக்குத்தான் வச்சிருக்காங்க. வாசலுக்கு ரெண்டு பக்கமும் குதிரை லாயம், நடுவுல முற்றம், சுத்தி சுமார் 60 அறை. கலீஃபாக்களும் பாலைவனத்து குலத் தலைவர்களும் கூடிப் பேசின இடமா இருக்கலாம்ங்குறது பல ஆய்வாளர்களோட கருத்து. மாடி ஏறுங்க, அங்கதான் சுண்ணாம்புல செஞ்ச பூ வேலை இருக்கு, ஒரு அறையில மையால எழுதின பழைய அரபி எழுத்தும் இருக்கு, தேதி ஹிஜ்ரி 92, அதாவது 710 நவம்பர். யாரோ வந்து தங்கி எழுதி வச்சுட்டுப் போனது. மாடியில கைப்பிடி இல்லாத விளிம்புங்க உண்டு, பிள்ளைங்க கைய பிடிச்சுக்கோங்க. இங்க முக்கால் மணி. அம்மானுக்கு இன்னும் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

ஹல்லாபாத்தையும் சேக்கலாமான்னு கேப்பீங்க. அது வேற ரோடு, அஸ்ரக்ல இருந்து வடமேற்க ஸர்க்கா போற வழில வரும். ரோமர் கோட்டைய உமையாக்கள் மாளிகையா மாத்தினது, மொசைக் தரை, மசூதி, தண்ணி தொட்டிங்க எல்லாம் அழகா சீர் பண்ணி வச்சிருக்காங்க, சில கிலோமீட்டர்ல ஹம்மாம் அஸ்-ஸராஹ்ங்குற குளியல் கட்டடமும் இருக்கு. கோடைல பகல் நீளமா இருக்கும்போது காலைல ஹல்லாபாத் வழியா போய் கரானா வழியா திரும்பலாம், ஆனா ஈரநிலத்துக்கு காலை நேரம் போயிடும். குளிர்காலத்துல ஆசைப்படாதீங்க, கட்டடங்கள சாயங்காலம் 4 மணி வாக்குலயே மூடிடுவாங்க. நாலு இடத்த நிதானமா பாக்குறது ஆறு இடத்துல இறங்கி ஏறுறத விட மேல்.

எப்ப போறதுன்னா அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது, பறவைக்கு குளிர்காலமும் மார்ச் ஏப்ரலும். ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டும், நிழல் கிடையாது. குளிர்காலத்துல வெயில் அடிச்சாலும் காத்து எலும்புக்குள்ள இறங்கும், ஸ்வெட்டர் எடுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, மூடின செருப்பு, ஈரநிலத்துக்கு கொசு மருந்து. தோள், முழங்கால் மறைக்கிற உடை போட்டா எல்லா இடத்துலயும் சௌகரியம். ஜோர்டான்ல வாரக்கடைசி வெள்ளி, சனி. வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்துல கடை கண்ணி மூடியிருக்கும், ரமலான்ல கட்டடங்களே சீக்கிரம் மூடும், பகல்ல ஓட்டல் கிடைக்குறதும் கஷ்டம், அப்ப சாப்பாட்ட கட்டிட்டு போய் வண்டிக்குள்ள சாப்பிடுங்க.

ஒரு ராத்திரி கூட ஒதுக்க முடியும்னா லாட்ஜ்ல தங்கிட்டு அடுத்த நாள் காலைல ஷௌமரி போங்க, அஸ்ரக்குக்கு தெக்க இருக்குற காப்பிடம், 1975ல ஆரம்பிச்சது. ஜோர்டான்ல அழிஞ்சே போயிருந்த அரேபிய ஓரிக்ஸ் மான்கள 1978ல வெளிய இருந்து கொண்டு வந்து இங்க வளத்திருக்காங்க. வெள்ளை உடம்பு, நீள நேர் கொம்பு, சஃபாரி வண்டியில கூட்டிட்டுப் போய் காட்டுவாங்க, அதுக்கும் முன்கூட்டியே புக் பண்ணணும்.